விசேஷத்துக்கு மட்டும் மாடு வரலாம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மதுரையில் கோச்சடைப் பக்கம் அப்போது பாதி வயலும் பாதி வீடுமாக இருந்தது. ஒரு பக்கம் நாற்று நடுவார்கள், அடுத்த வரப்பில் செங்கல் லாரி வந்து நிற்கும்.  இப்போது நினைத்தாலும் எனக்கு வருவது வருத்தம் இல்லை, கோபம். இத்தனை வருஷமாகியும் உனக்கு ஆறவில்லையா அம்மா என்று என் மகள் கேட்பாள். ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலனி எழுந்ததே என் புகுந்த வீட்டு வயலில்தான். மாமனார் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, மனை போடுகிறவரிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று ஒவ்வொரு வருஷமும் பார்த்துக்கொண்டு கிடந்த அலுப்பு எனக்குத்தானே தெரியும். எங்கள் பங்குக்கு ஒரு மனையை வைத்துக்கொண்டு அதில் வீடு கட்டினோம். காலனியில் முதல் வீடு எங்களுடையது. எங்கள் வயல் கிணறும் விற்பனையோடு போய், அதில் மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, அங்கிருந்துதான் எல்லா வீட்டுக்கும் குழாய் இழுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மில் வேலை. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த கையோடு மில்லில் கதவடைப்பு என்று செய்தி வந்தது. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று மில் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தே அவர் இளைத்துப் போனார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. என் கழுத்தில் கிடந்ததை விற்று ஒரு செவலைப் பசுவை வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஓலை வேய்ந்து சின்னதாக ஒரு மாட்டுக் கொட்டம் போட்டோம். அதற்கப்புறம் அரிசி, பருப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாமே அந்த மாட்டின் மடியிலிருந்துதான் வந்தன.

பாலுக்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. காலையில் கறக்கிற சத்தம் கேட்டதும் காலனிப் பெண்கள் சொம்போடு எங்கள் வீட்டு கேட் பக்கம் வந்து நிற்பார்கள். எங்கள் கண் முன்னால் கறந்து தருகிறாய், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பாராட்டுவார்கள். மாடு கிடாரிக் கன்று போட்டபோது சீம்பால் வாங்கிப் போக அவ்வளவு கூட்டம். எங்களுக்குக்கூட மிஞ்சவில்லை.

வீடுகள் பெருகின. குடியிருப்போர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்குச் செயலாளராக வந்தவர் ஏதோ அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எங்கள் தெருவிலேயே அவருடைய வீடு கட்டுமானத்தில் இருந்ததால் அது முடியும்வரை பக்கத்தில் வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டுக்கும் என் பால்தான். அவர் வந்த சில மாதங்களில் சட்டதிட்டம் என்று ஒன்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். மாடு, ஆடு வளர்க்கக் கூடாது. வைக்கோல் படப்புப் போடக் கூடாது. மதிலில் எருவாட்டி தட்டக் கூடாது. ஓலைக் கூரை எங்கும் இருக்கக் கூடாது. படித்துப் பார்த்தபோது, இதில் என் வீட்டைத் தவிர வேறு யார் வீட்டைப் பற்றியாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நேரே அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஏம்மா, காலனின்னா ஒரு டீசன்ஸி வேணாமா? மாட்டு மூத்திரம் டிரெய்னேஜ்ல ஓடுது. கொசு வருது. நாலு பேர் வந்து போற இடம். மாட்ட எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கயாவது கட்டிக்கோங்க."

"அங்க கட்டுனா யாரு சார் காவல் இருக்குறது? பால்குடிக்கிற கன்னு வேற இருக்கு."

"அது உங்க பிரச்சினைம்மா."

"அப்ப பாலு?"

"பால் வழக்கம்போல வரட்டும். அதுக்கு யாரும் ஆட்சேபணை சொல்லலையே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நியாயமாகப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சங்கம் அதோடு விடவில்லை. அனுமதி இல்லாமல் கொட்டம் போட்டிருப்பதாகக் காலனிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, கட்டட அனுமதி கொடுக்கிற ஆபீசில் மனுப் போட்டார்கள். அங்கிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் பிளானில் கொட்டம் இல்லை, மதிலிலிருந்து அஞ்சடி இடமும் விடவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எங்களுக்கு எங்கே தெரியும், மாட்டுக் கொட்டத்தையும் பிளானில் வரைய வேண்டும் என்று. அதே தெருவில் செயலாளருடைய புது வீட்டுப் படிக்கட்டு ரோட்டுக்கே இறங்கி வந்திருந்தது. அதை அளக்கச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. கடைசியில் சங்கத்திலிருந்து கெடு வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் மாடு வெளியே போகாவிட்டால் எங்கள் வீட்டுக் குழாயைத் துண்டித்துவிடுவார்களாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை எங்களுக்கே நிறுத்துவார்களாம். அன்று இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை.

கெடு முடிவதற்கு முந்தின நாளில்தான் செயலாளரின் கிரகப்பிரவேசம் வந்து விழுந்தது.

அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் அவர் மனைவி வந்தார். நான் கறந்துகொண்டிருந்தேன். நல்ல மனுஷி. என் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முறுக்கு கொடுப்பவர். கொட்டத்து ஓரத்தில் நின்று தயங்கித் தயங்கிப் பேசினார்.

"விடியக்கால உன் மாட்டக் கன்னோட கொஞ்சம் ஓட்டிட்டு வரணும்மா. பசுவும் கன்னும் மொதல்ல உள்ள போகணும்னு ஐயர் சொல்லிட்டாரு. பக்கத்துல வேற எங்க போய்த் தேடுறது?"

எனக்கு எங்கிருந்தோ சுருசுருவென்று கோபம் ஏறியது. "காலனிக்குள்ள மாடே இருக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர்தானக்கா எழுதியிருக்காரு" என்றேன்.

"அது அவரு சங்கத்து வேலை. எனக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்" என்றார். முகம் வாடிப் போய்விட்டது.

மாட்டை அனுப்ப மாட்டேன் என்றுதான் முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கேக்குறாக. இல்லேன்னு சொல்லக் கூடாது. மாடு குடுக்க மாட்டேன்னு சொன்ன வீடுங்கிற பேரு நமக்கு வேணாம்."

"அவுக நம்ம மாட்ட வெரட்டலாம். நாம இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கும்."

அவர் சட்டையை எடுத்து மாட்டினார். அவர் எப்போதுமே அப்படித்தான். சண்டை என்றால் வெளியே போய்விடுவார்.

சரி என்று, கிரகப்பிரவேசத்தன்று விடிவதற்கு முன்னே மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவிப் பொட்டு வைத்து, கன்றின் கழுத்தில் சலங்கை கட்டி ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் வாழை மரம், சீரியல் விளக்கு, பட்டுப் புடவைகள். காலனியே அங்கே இருந்தது. என் மாட்டை விரட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் மாட்டுக்குக் கும்பிடு போட்டு ஒதுங்கி வழி விட்டார்கள்.

நிலைப்படிக்கு வந்ததும் மாடு நின்றுவிட்டது. உள்ளே புத்தம் புது மொசைக் தரை, பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி கிடந்தது. மண் தரையில் நிற்கிற மாடு அதில் எப்படிக் கால் வைக்கும். வழுக்கும் என்று அதற்குத் தெரியும். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். மாடு மிரண்டு கொம்பை ஆட்டியது.

"தள்ளாதீங்க. கீழ விழுந்து கால ஒடிச்சுக்கிரும். வைக்கோல் போட்டாத்தான் வரும்" என்றேன்.

வைக்கோலுக்கு எங்கே போவது? காலனியில் வைக்கோல் கூடாது என்று சட்டம் போட்டாயிற்றே. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எங்கள் படப்பிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை உருவிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயலாளரே அதை வாங்கித் தன் மொசைக் தரையில் பரப்பினார். அதைப் பார்த்ததும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சார், காலனிக்குள்ள மாடு வரக் கூடாதுன்னு எழுதுனது நீங்கதான். இப்ப நான் மாட்ட உள்ள ஓட்டவா, வெளிய ஓட்டவா? நீங்களே சொல்லுங்க."

நாயனக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நேரம் போகிறது என்று ஐயர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்றார் செயலாளர்.

"அப்புறம்னா எப்ப சார்? நாளைக்குத்தான கெடு."

அவர் சுற்றிலும் பார்த்தார். சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், மேலதிகாரிகள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாடு இருக்கட்டும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உள்ள ஓட்டு" என்றார்.

அத்தனை பேரும் கேட்டார்கள். நான் கயிற்றைத் தளர்த்தினேன். செவலை வைக்கோலில் ஒவ்வொரு அடியாக வைத்து நடுக்கூடத்துக்குப் போனது, கன்று அதன் பின்னாலேயே துள்ளிக்கொண்டு போனது. நடுக்கூடத்தில் நின்று மாடு கோமியம் விட்டது. பெண்கள் எல்லாரும் நல்ல சகுனம், நல்ல சகுனம் என்று பூரித்துப் போனார்கள். செயலாளரின் மனைவி ஓடி வந்து செம்பில் பிடித்தார். செயலாளர் கையை நீட்டி வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார். டிரெய்னேஜில் ஓடினால் கொசு, நடுவீட்டில் ஓடினால் லட்சுமி.  என் மாடு பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், கொடுத்த தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் வீட்டில் அன்று காய்ச்சிய பாலும் என் பால்தான்.

கெடு தேதி கடந்தது. யாரும் வரவில்லை. நானும் நம்பினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பொதுக்குழு என்று சொல்லி அனுப்பினார்கள். மனை என் வீட்டுக்காரர் பேரில் இருந்ததால் அவர்தான் உறுப்பினர். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். செயலாளர் ஒரு திருத்தம் வாசித்தார். காலனி எல்லைக்குள் கால்நடை வளர்க்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்குமாம். ஆனால் கிரகப்பிரவேசம் முதலிய விசேஷங்களுக்கு மட்டும், சங்கத்தின் முன் அனுமதியோடு, பசுவும் கன்றும் உள்ளே வரலாமாம்.

ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினார்கள். அன்று வாசலில் நின்று அவர் வாக்குக் கொடுத்ததைக் கேட்டவர்கள்தான் எல்லாரும். அவர் வீட்டுப் பந்தியில் பாயசம் குடித்தவர்கள்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாடு இருக்கட்டும்னு எல்லார் முன்னாடியும் நீங்கதான சார் சொன்னீங்க" என்று கத்தினேன்.

"உறுப்பினர்கள் மட்டும் பேசணும்மா. அது வீட்டு விசேஷத்துல பேசுனது. இது சங்கம். இங்க மினிட்ஸ் புக்குல எழுதியிருக்குறதுதான் பேச்சு" என்றார்.

ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில், சாமி காரியத்துக்கு நடுவில் கொடுத்த வார்த்தைக்கு மதிப்பில்லையாம். பேப்பரில் எழுதினால்தான் வார்த்தையாம். அப்படி ஒரு நாக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. "கையத் தூக்குன எல்லாரும் காலையில எங்க வீட்டுப் பாலக் குடிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்றார்.  துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் அவர் பின்னால் வந்துவிட்டேன்.

அடுத்த நாளே குழாயில் தண்ணீர் நின்றது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும்? எல்லைக் கல்லைத் தாண்டி வாய்க்கால் ஓரத்தில் பயிர் வைத்திருந்த ஒரு சம்சாரி தன் இடத்தில் மாட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் எங்களுக்கும் உறவில்லை, பழக்கம்கூட இல்லை. கொட்டத்தைப் பிரித்து, மாட்டையும் கன்றையும் அங்கே கொண்டுபோய்க் கட்டினோம். ராத்திரிக்கு என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு காவலுக்குப் போவார். காலையில் நான் போய்க் கறந்து, பாலைத் தலையில் சுமந்து வந்து அதே கேட்டில் ஊற்றினேன். அதே சொம்புகள்தான் வந்தன. ஊற்ற மாட்டேன் என்று சொல்லுகிற நிலையில் நான் இல்லையே. 

மழைக்காலம் வந்தது. ஈரத்தில் படுத்துப் படுத்து அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. எழுந்திருக்க முடியாத அந்த ஒரு ராத்திரிதான் அவர் காவலுக்குப் போகவில்லை. விடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் வரும்போதே செவலை கத்துகிற சத்தம் கேட்டது. அது சாதாரணமாகக் கத்துகிற சத்தம் இல்லை.

நாய்கள் கன்றைக் குதறிப் போட்டிருந்தன. ஓடித் தப்பிக்க வழியில்லாமல் அது கட்டிக் கிடந்தது. தாய் தன் கயிற்றை இழுத்து இழுத்து, முளைக்குச்சியைச் சுற்றி மண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. மூக்கில் ரத்தம். கன்று வரை எட்டுவதற்கு அதற்கு ஒரு முழம் கயிறு போதவில்லை.

அப்புறம் செவலை பால் கொடுக்கவில்லை. கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து முன்னால் வைத்தால் நக்கிக்கொண்டே சுரக்கும் என்றார்கள். எல்லாரும் செய்கிறதுதான். எனக்கு மனசு வரவில்லை. அதை ஏமாற்ற இன்னும் நான் வேறு வேண்டுமா என்று விட்டுவிட்டேன். பால் நின்றதும் காலனியிலிருந்து கேட்டு வந்தார்கள். காப்பிக்கு என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள்.

அதற்கும் அடுத்த வாரம் இரண்டாம் தெருவில் புது வீடு கட்டியிருந்த ஒருவர் எங்கள் கேட்டருகே வந்து நின்றார். அன்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கையில் ஒரு சீட்டு வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம்மா. சங்கத்துல முன் அனுமதி வாங்கிட்டேன். மாடும் கன்னுமா கொஞ்சம் ஓட்டிட்டு வந்துரு."

"கன்னு செத்துப்போச்சு சார். நாய் கடிச்சிருச்சு. வெளிய கட்டச் சொன்னீங்கள்ல, அங்க வச்சு."

அடடா என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.  பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப வேற எங்கயாச்சும் ஒரு கன்னு புடிச்சாந்து பக்கத்துல நிப்பாட்ட முடியுமாம்மா? கொஞ்ச நேரத்துக்குத்தான்."

அன்று நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. தெருவே வெளியே வந்து நின்றது. செயலாளர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வந்தவர் அந்தச் சீட்டை எங்கள் கேட்டின் இடுக்கில் செருகிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். நான் அதை எடுக்கவில்லை. மழையில் நனைந்து அதுவாக விழுந்தது.

செவலையை அந்த வாய்க்கால் ஓரத்துச் சம்சாரிக்கே கொடுத்துவிட்டோம். வெகுநாள் கழித்து மில் திறந்தது. பிள்ளைகள் படித்து ஆளானார்கள். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இப்போது கோச்சடையில் மாடே கிடையாது. யாராவது வீடு கட்டினால் எங்கிருந்தோ மினி வேனில் பசுவும் கன்றும் வந்து இறங்குகின்றன. மொசைக் போய் டைல்ஸ் வந்துவிட்டதால் பழைய கோணிகளையும் கூடவே கொண்டுவருகிறார்கள். சாமி கும்பிட்டு முடிந்ததும் அவசர அவசரமாக ஏற்றி அனுப்பிவிட்டுத் தெருவைக் கழுவுகிறார்கள். எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் நான் சாப்பாட்டுக்குத்தான் போவேன், மாடு உள்ளே போகிற நேரத்துக்குப் போக மாட்டேன். என்னால் பார்க்க முடியாது.

ஊருக்கு நல்லது என்று சொல்லி யார் எந்தச் சட்டத்தை நீட்டினாலும், அதில் என்னவெல்லாம் கூடாது என்று எழுதியிருக்கிறது என்பதை நான் அப்புறம்தான் படிக்கிறேன். எழுதியவர் தனக்கு மட்டும் எந்த இடத்தில் வழி விட்டுவைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தேடுகிறேன், இன்றுவரை அப்படி ஒரு வழி இல்லாத சட்டம் என் கண்ணில் படவில்லை.